லைப்ரரி ஸ்டாப்

காந்திபுரத்தில் நான் ஏறிய டவுன்பஸ் துடியலூரைத் தாண்டியதும், "லைப்ரரியெல்லாம் எறங்குங்க" என்கிறார் கண்டக்டர். கொஞ்ச நேரம் பேப்பர் படித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நானும் இறங்குகிறேன்.

லைப்ரரியைக் காணோம். காலி இடத்தின் ஓரத்தில் ஒரு கருங்கல் மட்டும் நிற்கிறது. பொது நூலகத்துக்கு அடிக்கல் என்று பொறித்து, கீழே அமைச்சர் பெயரும் தேதியும். நாட்டிப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. மில்லுக்குப் புறப்பட்ட ஒரு பெண், டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கல்லைக் கழுவி மஞ்சள் பூசுகிறார். உச்சியில் ஒரு சாமந்திப்பூ.

"இது எந்தச் சாமிங்க?"

"சாமியெல்லாம் இல்லீங்க. ரோட்டை அகலம் பண்ண வந்தவங்க இதைப் பேத்தெடுக்கப் பாத்தாங்க. மஞ்சளைப் பூசிப்போட்டேன். இப்ப ஒருத்தரும் கை வெக்கறதில்லீங்க."

"கட்டடமே வரலையே, கல்லை மட்டும் காப்பாத்தி என்ன பண்றது?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. கல்லு இருக்கறவரைக்குந்தானுங்க, லைப்ரரி எங்கேன்னு கேக்க முடியும்? இதுவும் போயிருச்சுன்னா, அப்படியொண்ணு சொல்லவே இல்லைன்னு சாதிச்சுப்போடுவாங்க."

பஸ் வருகிறது. இருவரும் ஏறுகிறோம்.

"எங்கிருந்தும்மா?" என்கிறார் கண்டக்டர்.

மஞ்சள் கையால் சில்லறையை நீட்டி, கடைசி சீட்டுவரை கேட்கும்படி சொல்கிறார்: "லைப்ரரியிலிருந்துங்க!"

அடுத்து கண்டக்டர் என்னிடம் கேட்கிறார். நானும் உரக்கவே சொல்கிறேன்.