இருநூறு துண்டுக்கு ஒரு வினைச்சொல்

பக்கத்து வீட்டுப் பெண் சூலூரில் நாலு தறி போட்டுக் குளியல் துண்டு நெய்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கைப்பேசியோடு வந்து நின்றாள்.

"ஏனுங் மாமா, இந்த இங்கிலீசக் கொஞ்சம் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள மெயில் போகோணும்."

அவளுடைய வெளிநாட்டு வியாபாரிக்குப் போன தடவை அனுப்பியதில் சில துண்டுகளில் நூல் விட்டுப்போயிருந்ததாம். இந்த முறை சரக்கை எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதச் சொல்லியிருந்தான். பதில் சரியில்லை என்றால் அடுத்த ஆர்டர் கிடையாது. பார்த்தோம் என்பதற்கு அவள் 'செக்' என்று எழுதியிருந்தாள்.

மில் ஆபீசில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலக் கடிதம் எழுதியவனுக்கு அது பொறுக்குமா?

"செக்குங்கறது பஸ்ஸுல டிக்கெட் பாக்கறது, அம்மணி."

"அப்ப எக்ஸாமின்னு போட்டறலாங்களா?"

"அது டாக்டர் நாக்க நீட்டச் சொல்றது." ஸ்க்ரூட்டினைஸ் என்று ஒன்று உண்டு என்றேன். "எலக்சன்ல மனுவத் தள்ளுபடி பண்ண வழியிருக்கான்னு துருவித் துருவிப் பாப்பாங்கல்ல, அது."

"எங்க அத்தை எஞ் சாம்பாரப் பாக்கற மாதிரிங்களா? வேண்டாமுங்க, அவன் பயந்துக்குவான்."

கடைசியில் 'இன்ஸ்பெக்ட்' என்று முடிவு செய்தேன். எங்கள் மில்லில் அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் துணியை விரித்து, இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லை எழுதுவோம் என்று விளக்கினேன்.

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"ரெண்டு பக்கமுங்களா? நாங்க மேல் பக்கந்தானுங்க பாத்தோம்."

பழையபடி 'செக்' என்றே போட்டுவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

"அந்த வார்த்தையே இருக்கட்டுமுங்க. துண்டத் திருப்பிப் போட்டறலாம்."

அவள் வீட்டுக் கூடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தோம். அவள் திருப்பினாள், அவள் மாமியார் பார்த்தார், நான் எண்ணினேன். இருநூறுதான் இருக்க வேண்டும், இருநூற்றொன்று வந்தது. பதறிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அப்போதும் இருநூற்றொன்று.

மாமியார் குவியலிலிருந்து ஒன்றை உருவினார். "இது உங்க தோள்ல கெடந்த துண்டுங்களே!"

அவரே நூல் விட்ட நாலு துண்டுகளையும் கண்டுபிடித்தார். நாலும் பின்பக்கத்தில். "சாம்பார் பாத்த கண்ணு மாமா" என்று மருமகள் என் காதில் சொன்னாள். வேறு நாலைப் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டிவிட்டு, இரண்டு பக்கமும் இன்ஸ்பெக்ட் செய்தோம் என்று மெயில் அனுப்பினாள்.

மறுநாள் காலை கைப்பேசியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஓடி வந்தாள். வியாபாரி ஒரே வரி எழுதியிருந்தான்: அனுப்புங்கள், அடுத்து ஐந்நூறு வேண்டும். என் வினைச்சொல்லைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஐந்நூறை யார் எண்ணுவது என்ற கவலை எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது. எண்ணப் போகும் அன்று தோளில் துண்டு போடாமல் போக வேண்டும்.