ஆறும்போது ஏறிய சூடு

சுடச்சுட உருகிய தவிட்டெண்ணெய்க் கொழுப்பின் வாசனை... அணைந்த மெழுகுவர்த்தியும் கஞ்சியும் கலந்தது போல இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சோறு சாப்பிடும்போதும் என் கையில் அதே வாசனைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தவிட்டெண்ணெயைக் காய்ச்சி, பிரித்து, வெள்ளைக் கட்டியாக்கி, சோப்பு கம்பெனிக்கும் டயர் கம்பெனிக்கும் அனுப்புவார்கள். அரிசியின் தவிடு எப்படி லாரி டயருக்குள் போகிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் அங்கே கொப்பரையில் காய்ச்சுகிறவர். அந்த மாதம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நான் அஞ்சாவது வரை படித்தவள். நம்பர் படிக்கத் தெரியும் என்பதால் லேபில் போட்டார்கள்.

உருகிய கொழுப்பைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, தெர்மாமீட்டர் வைத்துக் கலக்க வேண்டும். ஆற ஆற டிகிரி இறங்கும். கெட்டியாகும்போது நிற்கும்.

"எங்க நிக்குதோ அதை எழுதும்மா" என்றார் லேப் சார். மறுநாள் அவர் லீவு.

அன்று வந்தது என் வீட்டுக்காரர் காய்ச்சிய சரக்கு. டிகிரி இறங்கியது... நின்றது... எழுதப் போனால் மறுபடி ஏறுகிறது! ஆறுகிற பொருள் எப்படிச் சூடாகும்? என் கைச்சூடு பட்டுவிட்டது என்று நினைத்து, கீழே நின்ற நம்பரையே எழுதிக் கொடுத்தேன்.

நம்பர் குறைந்தால் சரக்கு சரியாகக் கெட்டியாகாது என்று அர்த்தம். சூப்பர்வைசர் அவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா காச்சிகீற? கட்டியே புடிக்காது போலக்கீது. நீ பெர்மனென்ட் ஆயி இன்னா கிழிக்கப்போற?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

லேப் சார் வந்ததும் மெதுவாகக் கேட்டேன். "கெட்டியாகும்போது அதுவே சூடு விடும்மா. மேல ஏறி நிக்கறதுதான் கணக்கு" என்றார்.

தப்பு என்னுடையதுதான். சொன்னால் என் வேலை போய்விடும். சொல்லவில்லை. பெர்மனென்ட் லிஸ்டில் அவர் பெயர் வரவில்லை. கடைசிவரை, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் டெம்பரரிதான்.

ரெண்டு மாசம் முன்னால் போய்விட்டார்.

காரியத்துக்கு, அவரோடு அங்கே வேலை செய்த பஷீர் பாய் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார். அழுகையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "தப்பு என்னுதுதான் பாய். அவர்கிட்ட சொல்லவே இல்ல."

"அவனுக்குத் தெரியும் தங்கச்சி" என்றார் பாய். "சாம்பிள் கொண்ணாந்து குட்த்துட்டு நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். மறுபடி ஏறனத பாத்தேன், நீ கீழ நின்ன நம்பர எழுதனதயும் பாத்தேன். அன்னிக்கு சாயங்காலமே அவன்கிட்ட சொல்லிட்டேன். 'சும்மா கெட பாய், அது புதுசா சேந்துகீது, பயந்துக்கும்'னான்."

"அப்புறம்...?"

"அப்புறம் இன்னா? என்னியும் வாயத் தொறக்க வுடல."

இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால், கம்பெனி இருந்த இடம் கம்ப்யூட்டர் ஆபீஸாக இருக்கிறது. டிகிரி பார்க்கவும் மெஷின் வந்துவிட்டதாம். அதுவே நம்பரை அச்சடித்துக் கொடுக்குமாம். யாரும் என்னைப் போல முழிக்க வேண்டாம்.

குழம்பில் உப்பு கூடினால் தெருவே கேட்கக் கத்துகிற மனுஷன். இத்தனை வருஷத்தில், ஒரு சண்டையில்கூட இதை எடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றினாரா... இல்லை, நானே ஒரு நாள் சொல்வேன் என்று காத்துக்கொண்டே இருந்தாரா?