விளக்கெண்ணெயும் விளக்கு எண்ணெயும்

போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது — சாமி விளக்குக்கு ஊற்ற வேண்டிய எண்ணெயை என் மகள் தலையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் முதலில் சிரிக்கத்தான் செய்தேன். கொஞ்சம் பொறுத்து, முழுசாகச் சொல்லி முடித்த பிறகும் சிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மகளுக்குப் பதினேழு வயது. பி.யூ. இரண்டாம் வருஷம், அதாவது நம்மூர் பிளஸ் டூ. இந்தப் பத்தியில் அவளுக்கு யாழினி என்று பெயர். அவளே தேர்ந்தெடுத்த பெயர் அது. "எழுதிக்கோ. நெஜப் பேரு வேணாம், போட்டோ வேணவே வேணாம்" என்று நிபந்தனையோடு அனுமதி கொடுத்திருக்கிறாள்.

மழை ஆரம்பித்த சமயம். ஒருநாள் காலையில் ஜடை பின்னிவிடும்போது காதுக்குப் பின்னால் ஓர் இடம் வழவழவென்று இருந்தது. ஒரு முடி இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது உச்சந்தலையில் ஒன்று, பின்னந்தலையில் ஒன்று... குளித்துவிட்டு வந்தால் பாத்ரூமில் தண்ணீர் போகிற சல்லடையில் கொத்துக் கொத்தாக முடி. அள்ளி எடுப்பது என் வேலை. அவள் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நான் ஓடுவேன். அவளும் எனக்குத் தெரியக்கூடாது என்று தானே எடுத்து டிஷ்யூவில் சுருட்டி வைத்திருப்பாள்.

"புழுவெட்டுடி அது" என்றாள் திருவண்ணாமலையிலிருந்து என் அக்கா. போன் ஸ்பீக்கரில் இருந்தது. யாழினி கேட்டுவிட்டாள்.

"என் தலையில புழு இருக்காம்மா?"

இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. அவர் வீட்டில் வயசுப் பெண் இருந்திருக்க மாட்டாள்!

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை என்றார் தோல் டாக்டர். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குகிறதாம். தலையில் சின்னச் சின்ன ஊசிகள் மாதாமாதம் போட்டுப் பார்க்கலாம் என்றார். சரியாகிவிடுமா டாக்டர்?

"தானா வரலாம். வராமலும் போகலாம். வந்தது மறுபடி கொட்டவும் செய்யலாம்மா. உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

நேர்மையான டாக்டர். ஆனால் அந்த நேர்மையை வாங்கிக்கொண்டு எந்த அம்மாவால் சும்மா வீட்டுக்கு வர முடியும்? நான் வரும் வழியிலேயே எண்ணெய் வாங்கினேன்.

அதற்குப் பிறகு எங்கள் எலெக்ட்ரானிக் சிட்டி ஃப்ளாட் ஒரு எண்ணெய் மண்டி ஆனது. செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, வேம்பு, சின்ன வெங்காயம். பிறகு வெளிநாட்டுச் சரக்கு — ரோஸ்மேரி, ஆர்கன், ஜோஜோபா. அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பொதுவாக ஒரு கேள்விதான் கேட்டேன், 'முடி கொட்டுவதற்கு என்ன எண்ணெய் நல்லது?' என்று. தண்ணீர் லாரி வரவில்லை என்று போட்டால்கூட அந்த குரூப்பில் அவ்வளவு பதில் வராது. இந்த ஊரில் ஆளுக்கு ஒரு எண்ணெய் இருக்கிறது. அடித்துச் சொல்கிறார்கள். "எங்க நாத்தனாருக்கு முழங்கால் வரைக்கும் வளந்துச்சு..." யார் அந்த நாத்தனார்? ஒருத்தியையாவது நேரில் காட்டுங்களேன்!

சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய் அலமாரி முன்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? எல்லா பாட்டிலிலும் இலை படம். எல்லாம் நேச்சுரல், எல்லாம் ஹெர்பல், எல்லாம் கோல்ட் பிரஸ்ஸ்டு. பின்னால் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், பாதி பாட்டிலில் முதலில் நிற்பது மினரல் ஆயில். செம்பருத்தி கடைசி வரியில் ஒரு ஓரமாக ஒண்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் படித்துப் படித்து நான் பாதி கெமிஸ்ட் ஆகிவிட்டேன்.

இதில் ஒரு கொடுமை கேளுங்கள். அவள் தலைக்கு வைத்துவிட்டு, கையில் மிஞ்சுகிற எண்ணெயை வீணாக்குவானேன் என்று என் கைகால், முகத்தில் தேய்த்துக்கொள்வேன். போன வாரம் லிஃப்டில் ஒரு பெண் கேட்டாள், "ஆன்ட்டி, ஸ்கின் செம க்ளோவா இருக்கே! என்ன யூஸ் பண்றீங்க?" என்று. அவளை அறையலாம் போல இருந்தது. என் முழங்கை பளபளக்கிறது. என் பெண் தலை காலியாகிக்கொண்டிருக்கிறது.

யாழினி காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தொப்பி போட்டுக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பையன் பின்னாலிருந்து தட்டிவிட்டிருக்கிறான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பையை வீசினாள். "முடி வந்தா போறேன். இல்லன்னா போமாட்டேன்" என்றாள். லெக்சரர் போன் செய்தார். அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே இழுபறியாம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்தாவது வரவில்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். ஒரு வருஷம் போய்விடும்.

காக்ஸ் டவுனில் இருக்கும் என் சிநேகிதி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு அழுதேன். ஸ்டெல்லா டீச்சர். பேச்சிலும் டீச்சர்தான்.

"அந்த பாட்டிலெல்லாம் தூக்கி வெளிய போடுப்பா. வெறும் விளக்கெண்ணெய், கூடத் தேங்கா எண்ணெய். கலந்து வை. வேற ஒண்ணும் வேணாம்."

எளிமையாக இருந்தது. நம்பிக்கையாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

இங்கே அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆம்பூர்க்காரர். இந்த ஊருக்கு வந்த பிறகு ஆட்டோக்காரர்களிடமும் செக்யூரிட்டியிடமும் பேசிப் பேசிக் கன்னடம் கற்றுக்கொண்டார். அதில் ஏகப்பட்ட பெருமை. ஆனால் பேசத்தான் தெரியும், படிக்க வராது. எனக்கு அதுவும் இல்லை. பக்கத்துத் தெருக் கடைக்குப் போனார், பாட்டிலோடு வந்தார். லேபிள் முழுக்கக் கன்னடம்.

திறந்தேன். கமகமவென்று மல்லிகை வாசனை.

"ஏங்க, விளக்கெண்ணெய் இப்படியா இருக்கும்? பிசுபிசுன்னு பிசின் மாதிரி இல்ல இருக்கும்? இது தண்ணியா ஓடுது."

"அதெல்லாம் பழைய காலத்து சரக்கு. இது நல்லா ஃபில்டர் பண்ணது. கன்னடத்துல கரெக்டா கேட்டு வாங்கியிருக்கேன், சும்மா வை."

வைத்தேன்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, யாழினிக்கு அந்த எண்ணெய் பிடித்துவிட்டது. வெங்காய எண்ணெய் வைத்தபோது தன்னைத் தானே முகர்ந்து பார்த்துக் குமட்டிக்கொண்டு அழுத பெண். இந்த மல்லிகை வாசனைக்கு அவளாகவே வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். பழையபடி வாய் ஓயாமல் பேசினாள். யார் யாரோடு சண்டை, கெமிஸ்ட்ரி மேடம் எப்படி நடப்பார்... நடித்தே காட்டினாள். ஒருநாள், "ம்மா, திங்கக்கிழம போய்ப் பாக்கட்டா?" என்றாள். நான் மூச்சுகூட விடவில்லை. பலமாக மூச்சு விட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று பயம்.

இரண்டொரு நாளில் தலை ஊறுகிறது, அரிக்கிறது என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! முடி முளைக்கிறது, அதுதான் ஊறுகிறது என்றேன். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். அந்த வெறும் இடங்கள் சிவந்து, பொரிப் பொரியாக வந்தபோதுகூட, ரத்த ஓட்டம் வந்துவிட்டது என்றுதான் சொன்னேன். மனுஷிக்கு ஆசை வந்துவிட்டால் கண் எப்படிக் கெட்டுப்போகிறது பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃப்ளாட் ஆஷா வந்தாள். கன்னடப் பெண். என் டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், டைனிங் டேபிளில் பாட்டிலைப் பார்த்தாள். யாழினி தலையைப் பார்த்தாள். மறுபடி பாட்டிலைப் பார்த்தாள்.

"அய்யோ, இது தலெகெ ஹச்சோதல்ல ரீ! தேவரிகெ!"

தலையில் தேய்ப்பதில்லையாம். சாமிக்காம். லேபிளில் விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். தீபம் ஏற்ற மட்டும். உடம்பில் படக்கூடாது. என்னென்ன எண்ணெய்களையோ கலந்து வாசனை போட்டது. விலை ஸ்டிக்கரைச் சுரண்டினால் அடியில் அதையே இங்கிலீஷிலும் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறான்.

"கடையில என்னன்னு கேட்டீங்க?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"தீபத எண்ணெ கொடின்னு கேட்டேன். விளக்குன்னா தீபம்தானே?"

விளக்குன்னா தீபம்தான். எண்ணெய்ன்னா எண்ணெதான். மொழிபெயர்ப்பில் ஒரு தப்பும் இல்லை! "நிமகெ பேக்காகித்து ஹரளெண்ணெ" என்றாள் ஆஷா. நமக்கு வேண்டிய விளக்கெண்ணெய்க்குக் கன்னடத்தில் ஹரளெண்ணெ என்று தனிப் பெயர் இருக்கிறதாம். ஆமணக்கு. அந்தப் பெயரில் விளக்கே இல்லை.

யாழினிதான் முதலில் சிரித்தாள். "அப்பா! விளக்கெண்ணெய் வாங்கத் தெரியாத விளக்கெண்ணெய்ப்பா நீ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன். எத்தனை காலமாயிற்று எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு! சிரித்துக்கொண்டே இருந்தவள் சொன்னாள், "அப்போ முடி வரலையா? ஊறுனது அதுக்கில்லையா?" என்று. அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலேஜுக்குப் போகவில்லை. டாக்டரிடம் போனோம். டாக்டர் தலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றைக்குப் போட வேண்டிய ஊசியைப் போட முடியாது, தோல் ஆறிய பிறகுதான் என்றார். காலேஜுக்குச் சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா தெரியாது என்றார்.

"எண்ணெய் முடிய மிருதுவாக்கும், காஞ்ச தோலுக்கு நல்லது. உங்க பொண்ணுக்கு இருக்கறது உள்ள நடக்கற சண்டைம்மா. அதுக்கு எந்தச் செடியில எடுத்தாலும் எண்ணெய் கிடையாது. தயவுசெஞ்சு தலையச் சும்மா விடுங்க."

தலையாட்டினேன். தலையாட்டும்போதே, அப்படியானால் அசல் விளக்கெண்ணெய் வைத்தால் என்ன என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோ சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மாட்டிக்கொண்டது. யாழினி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, முடி வரவே வரலன்னா?"

"வரும்டி."

"வரலன்னா?"

"வரும்னு சொல்றேன்ல!"

"முடி வருமான்னு கேக்கல. வரலன்னா நீ என்ன பண்ணுவன்னு கேக்கறேன்."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பதில் சொல்லாததற்கு அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

"டெய்லி எண்ணெ வெக்கறியேம்மா... ஒரு தடவகூட, 'வரலன்னாலும் பரவால்லடி'ன்னு நீ சொல்லல."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும் போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளும் விலகவில்லை. ஆனால் அவள் கேட்டது அதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இதை எழுதும்போது அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. எத்தனையோ தடவை கதவு வரை போய்விட்டேன், திரும்பி வந்துவிட்டேன். எனக்கு இன்னும் 'பரவாயில்லை' ஆகவில்லை.

பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.