காப்புக் கட்டின வாரத்தில் கரை கசிந்தது

நீங்கள் தினமும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறீர்களே, அந்த ஏரிக்கரை ரோடு முன்பெல்லாம் வெறும் மண்கரை. மழை பெய்தால் வழுக்கும். அதன் மேல் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு காலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும்.

சிங்கவரம் தாண்டி இருக்கிற நம்ம ஏரிக்கு இந்தக் கோடியில் நம்ம ஊர், அந்தக் கோடியில் என் அம்மா பிறந்த ஊர். ஏரி ஒன்று, மதகு இரண்டு. ஒரு கோடையில், அடியில் கிடந்த கொஞ்சம் தண்ணீர் எந்த ஊர் மல்லாட்டைப் பயிருக்கு என்று சண்டை வந்து, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. அதோடு போக்குவரத்து நின்றுவிட்டது. அம்மா தன் தாய்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "அவனுங்க என்னிக்காவது நம்ம பக்கத்துக் கரைய உடைச்சு விடுவானுங்க பாரு" என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள். அந்த அவனுங்களில் என் சொந்த மாமாவும் ஒருவர் என்பது எனக்குக் குழப்பமாக இருக்கும். ஆனாலும் நம்பினேன்.

அந்த வருஷம் ஆடி மாசத்திலேயே ஐப்பசி மாதிரி மழை. ஏரி நிரம்பித் தளும்பியது. அதே நேரத்தில் எங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிறவரைக்கும் ஊர்க்காரர்கள் யாரும் மண்ணை வெட்டக்கூடாது, பச்சை மரத்தில் கத்தி வைக்கக்கூடாது, வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பவும் கூடாது. மீறினால் குழந்தைகளுக்கு அம்மை போட்டுவிடும் என்பார்கள். எங்கள் வீட்டிலோ தூளியில் மூன்று மாசத் தங்கச்சி.

ஒரு நாள் காலையில் நைனா, என் அப்பா, ஓடிவந்து, கரையில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிகிறது என்றார். எல்லாரும் ஓடினோம். எங்கள் தெருவுக்கு நேர் மேலே, கரையின் வெளிப்பக்கம், விரல் மொத்தத்துக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஒருவர் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். தெளிந்த தண்ணீராக இருந்தால் பயமில்லையாம். அது செக்கச்செவேல் என்று கலங்கி வந்தது. கரை மண்ணே கரைந்து உள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் முகம் அப்படி வெளுத்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மதகை முழுசாகத் திறந்துவிட்டும் தண்ணீர் இறங்கவில்லை. சாக்கில் மண்ணை நிரப்பி, கசிவைச் சுற்றி அடுக்க வேண்டும். அதற்கு மண்ணை வெட்ட வேண்டும். நைனா மண்வெட்டியை எடுத்தார். பூசாரி குறுக்கே வந்து நின்றார்.

"இன்னாப்பா பண்ற? காப்புக் கட்டியிருக்குது. உன் வூட்டுல பச்சப்புள்ள இருக்குது, ஞாபகம் இருக்குதா?"

நைனா மண்வெட்டியைக் கீழே போட்டார். உடனே திரும்ப எடுத்தார். திரும்பவும் போட்டார். வெட்டினால் தங்கச்சிக்கு அம்மை. வெட்டாவிட்டால் தங்கச்சியைத் தண்ணீர் கொண்டுபோகும். தெருவைக் காலி பண்ணலாம் என்றால், காப்பு நேரத்தில் விளக்கை அணையவிட்டு வாசல் தாண்ட மாட்டேன் என்று பெரியம்மா தூளிப் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

அம்மா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கரைமேல் ஏறினாள். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஒரு பக்கம் ஏரி அலை காலை வந்து தொட்டது. இன்னொரு பக்கம், கீழே பள்ளத்தில், எங்கள் வீட்டுக் கூரை சின்னதாகத் தெரிந்தது. ராஜகிரி மலை மழையில் இருக்கிற இடமே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கரை உடைந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் கழுத்தைத் திருப்பாமலே நடந்தேன்.

மாமா ஊரில் பம்பை ஒலித்துக்கொண்டிருந்தது. அங்கே அன்றைக்குத்தான் காப்புக் கட்டப்போகிறார்கள். கோயில் முன்னால் பெரிய பெரிய பானைகளில் கூழ். வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்திருந்தார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து போய் நின்றோம்.

அம்மா மாமாவைப் பார்த்து, "அண்ணா, கரை கலங்கக் கசியுது. எங்க ஊர்ல மண்ணு வெட்ட ஆளில்ல" என்றாள்.

பம்பை நின்றது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டோம், அடிக்கத்தான் போகிறார்கள் என்று நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். மாமா மெதுவாகப் போய்ப் பூசாரி காதில் ஏதோ சொன்னார். பூசாரி கயிற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு டிராக்டர் நிறைய ஆட்களும் மண்வெட்டிகளும் எங்கள் ஊருக்குள் நுழைந்தன. நானும் அதில் இருந்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் விறைத்து நின்றார்கள். கரையை உடைக்க வரப்போகிறார்கள் என்று எத்தனை நாள் கேட்டிருந்தேன்! இப்போது நிஜமாகவே மண்வெட்டியோடு வந்திறங்கினால் எனக்கு வேறு எப்படித் தோன்றும்? மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மாமா என் கையை விலக்கிவிட்டு நைனாவிடம் போனார். "இன்னா மச்சான், பொண்ணு குடுத்த ஊருன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "திட்டறத அப்புறம் திட்டு மாமா. மொதல்ல வெட்டு."

அவர்கள் வெட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மாமா நிமிர்ந்து எங்கள் பூசாரியைப் பார்த்து, "உங்க அம்மன் வெட்டக் கூடாதுன்னுதான சொன்னா? சுமக்கவும் கூடாதுன்னா?" என்று கத்தினார்.

எல்லாரும் பூசாரி முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஏரியைப் பார்த்தார், கோயில் பக்கம் பார்த்தார். பிறகு துண்டைச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு, முதல் மூட்டையைத் தூக்கிவிடச் சொன்னார்.

அதற்கப்புறம் யாரும் நிற்கவில்லை. அவர்கள் வெட்டினார்கள், நாங்கள் சுமந்தோம். பெண்கள் உரச்சாக்குகளைப் பிரித்துப் பிடித்தார்கள். நடுவில் ஒரு தரம் கரை மேலே பிளவு விட்டது. "ஏறுங்கடா மேல!" என்று ஒரு சத்தம். நான் ஏறவில்லை. எங்கள் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூட்டைமேல் மூட்டையாக விழுந்தது. மத்தியானம் தாண்டித்தான் கசிவு சின்னதாகி, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அதை முதலில் பார்த்தது அம்மா. அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதாள்.

அதன் பிறகு கரை இரண்டு ஊருக்கும் பொது என்று ஆனது. கோடையில் சேர்ந்து வாய்க்கால் தூர் வாரினோம். சேர்ந்தே போய் மனுக் கொடுத்துக் கரைமேல் ரோடு வாங்கினோம். பால் வண்டி, பஸ் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. இன்றைக்கும் இரண்டு ஊரும் ஒரே வாரத்தில் காப்புக் கட்டுவதில்லை. ஒரு ஊர் கை கட்டியிருந்தால் இன்னொரு ஊர் கை சும்மா இருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அன்றைக்குச் சாயங்காலம் சேறும் சகதியுமாகக் கிளம்பிய மாமாவிடம், "ஏன் மாமா உங்க ஊர்ல காப்புக் கட்டல?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் கட்டிக்கலாம்டா. அம்மன் எங்க போயிடப் போறா?" என்றார்.

இப்போது நம்ம ஊர்த் திருவிழாவை எடுத்து நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். கயிற்றைக் கையில் எடுத்த பிறகு வைப்பது என்றால் என்ன, வந்த சொந்தத்தைத் திருப்பி அனுப்புவது என்றால் என்ன, தன் அம்மனிடமே பொறுத்துக்கொள் என்று கேட்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். காப்பை நிறுத்தினதற்காகத் தங்கள் பிள்ளைகளுக்கு அம்மை வந்தால் வரட்டும் என்று துணிந்துதான் அவர்கள் டிராக்டரில் ஏறியிருக்கிறார்கள். அதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரிந்தது? இந்த வாரம் இங்கே கூழ், அடுத்த வாரம் அங்கே கூழ் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.