கப்பல் படத்தில் சத்தியதாஸின் முகம்

தாசம்மாள் அந்தக் கப்பல் படத்தைப் பதினொரு தடவை பார்த்தாள். காலையும் மாலையும் வேதம் வாசிக்கிறவள், கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு தமிழ்ப் படத்துக்குக் கூப்பிட்டால் வராதவள், ஒரு பேய்ப் படத்தைப் பதினொரு தடவை பார்த்தாள் என்றால் சபைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பேசியவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் அவளை முதல் தடவை கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தத் தியேட்டரில் உட்கார வைத்தது நான்தான்.

அவள் என் தம்பி சத்தியதாஸின் மனைவி. 1960-இல் இரணியல் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு, சாலை பஜார்க் கடைகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் லைன் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. தம்பிக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை. கல்யாணம் முடிந்து நாற்பது நாள் இருந்தான். அடுத்த வருடம் ஒரு மாதம் வந்துபோனான். 1962 டிசம்பரில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கப்பல் புயலில் மூழ்கிவிட்டது, தப்பியவர்கள் யாரும் இருப்பதாகத் தகவல் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அடக்கம் பண்ண உடல் இல்லை. அவள் தாலியைக் கழற்றவில்லை, நானும் கழற்றச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார், எனக்குப் பிள்ளைகளும் கிடையாது. மிச்சமிருந்தது நாங்கள் இரண்டு பேர். அவள் மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளப் போனாள். நான் தம்பானூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கப் போனேன்.

பத்து வருடம் இப்படியே ஓடியது. 1973-இல் வேதமாணிக்கம் அவளைக் கேட்டு வந்தார். பஸ் பணிமனையில் வெல்டர். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். போதகர் கம்பெனிக் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, "பத்து வருஷமாச்சு, இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்றார். தாசம்மாள் சம்மதித்தாள். அந்த மாதம் அவள் அடுப்பங்கரையில் பாட்டு முணுமுணுத்ததை நான் கேட்டேன். தம்பி கடைசியாக வந்துபோன பிறகு, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை பெண் பெயர்களை ஆராதனையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, எங்கள் தியேட்டருக்கு அந்த இங்கிலீஷ் படம் வந்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சரக்குக் கப்பல். வானத்திலிருந்து கடலில் விழுந்த ஓர் இரும்பு உருண்டையைக் கப்பல்காரர்கள் வலை போட்டுத் தூக்கிச் சரக்கறையில் வைக்கிறார்கள். உருண்டைக்குள் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அது வெளியே வந்து ஒவ்வொருவராகக் கொண்டுபோகிறது. அந்த ஏதோ ஒன்றைப் படத்தில் ஒரு தடவைகூடக் காட்ட மாட்டார்கள். அதைப் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் காட்டுவார்கள்.

கதவோரம் நின்று வேண்டாவெறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜின் அறைக் கட்டம் வந்தது. ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் கத்திக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் கழுத்தில் ஈரத் துணி சுற்றிய ஒரு கறுத்த ஆள் மெதுவாகத் திரும்புகிறான். முகம் திரை முழுவதும் வருகிறது. என் தம்பி. கண் அகலமாகி, கீழ் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. தென்னையிலிருந்து விழுந்த எங்கள் அப்பாவைத் தூக்கி வந்த அன்று அவன் அப்படித்தான் நின்றான். பிறகு விளக்கு அணைந்துவிடும். தியேட்டர் முழுக்க அலறியது. நான் அலறவில்லை. கதவோரத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆபரேட்டர் தாணுமாலையனிடம் ஓடினேன். "படத்துக்கு முன்னால சென்சார் சர்ட்டிபிகேட் காட்டுவாங்கல்லா, அதுல எந்த வருஷம் போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"எழுபத்திமூணு. எதுக்கு அக்கா?"

"அப்போ படம் எடுத்தது?"

"போன வருஷமா இருக்கும். நம்ம படத்துக்கெல்லாம் அப்படித்தானே?"

அவனையும் குறை சொல்ல முடியாது. நாங்கள் போட்டதெல்லாம் புதுத் தமிழ்ப் படமும் மலையாளப் படமும். சர்ட்டிபிகேட்டில் எந்த வருடமோ படமும் அந்த வருடம்தான். படம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறதே என்றேன். கலரில் எடுத்தால் ரத்தத்தை சென்சார் வெட்டிவிடும் என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது. தம்பி சாகவில்லை. எங்கேயோ கரையேறி, ஏதோ துறைமுகத்தில் ஒரு நாள் கூலிக்குக் கேமரா முன்னால் நின்றிருக்கிறான்.

மறுநாள் பகல் காட்சிக்குத் தாசம்மாளை இழுத்துப் போனேன். பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இரவு சோற்றைப் போட்டுவிட்டு, "அவியதான் மைனி," என்றாள். தம்பியை அவள் அவிய என்றும் என்னை மைனி என்றும்தான் சொல்வாள். மேற்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் மூன்றாவது ஓலையை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். "எந் தம்பி உயிரோட இருக்கான்," என்றேன். வேதமாணிக்கம் திரும்பிப் பார்த்தார். தாசம்மாள் திரும்பவில்லை.

போதகரையும் சும்மா சொல்லக் கூடாது. திங்கட்கிழமை பகல் காட்சிக்குத் துண்டால் தலையை மூடிக்கொண்டு வந்து, சர்ட்டிபிகேட்டையும் பார்த்தார், தம்பி முகத்தையும் பார்த்தார். உயிருள்ள புருஷன் இருக்க இன்னொரு கல்யாணம் நடத்தி வைக்க எனக்கு அதிகாரமில்லை என்று வேதமாணிக்கத்திடம் சொல்லிவிட்டார். அந்த மனிதர் ஒரு வருடம் காத்திருந்தார். பிறகு நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டி, இரண்டு பிள்ளைகளும் ஆயிற்று. ஞாயிறுதோறும் அவர்கள் எங்களுக்கு இரண்டு பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தாசம்மாள் பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்த மாட்டாள்.

கப்பல் கம்பெனிக்கும் தூதரகத்துக்கும் எத்தனையோ கடிதம் எழுதிப் போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. படம் மட்டும் வருடா வருடம் திரும்பி வந்தது. பெரிய பெரிய படமெல்லாம் இரண்டாம் தடவை வந்தால் ஈ ஓட்டும். இது எப்போது வந்தாலும் ஹவுஸ்ஃபுல். காலேஜ் பையன்கள் எதற்காக வந்தார்கள் என்கிறீர்கள்? என் தம்பி முகத்துக்காகத்தான். புதிதாக வருகிறவனிடம், "ஆ எஞ்சின் ரூம் வரட்டே, அப்போ காணாம்," அந்த இடம் வரட்டும், அப்போது பார் என்று சொல்லிச் சொல்லி உட்கார வைப்பார்கள். அது என்ன உருவம் என்று காட்டியிருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள். காட்டாததால் ஒவ்வொருவனும் தனக்குப் பயமானதை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டான். சில தறுதலைகள் இடைவேளையில் உதட்டைக் கோணிக்கொண்டு அவனைப் போலச் செய்து காட்டுவார்கள். இரண்டு பேரைச் செருப்பைக் கழற்றி விரட்டியிருக்கிறேன். தாசம்மாள் அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள். படம் வந்தால் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, தலை வாரிப் பூ வைத்து, சர்ட்டிபிகேட் போடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

1983-இல் படம் மறுபடி வந்தது. முதல் நாள் கதவைச் சாத்தும்போது தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். சர்ட்டிபிகேட்டில் 1983 என்று இருந்தது. அதே படம், அதே கப்பல். படப்பெட்டியோடு வந்திருந்த ஆளைப் பிடித்துக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"சேச்சி, இது அறுபத்திரண்டில் எடுத்த படம். சென்சார் பேப்பர் பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். திரும்பப் போடணும்னா புதுசா வாங்கணும். தாள்தான் புதுசு."

அறுபத்திரண்டு என்றால் தம்பி கப்பல் மூழ்குவதற்கு முன்னால் எடுத்தது. அன்று முழுவதும் நான் யாருடைய டிக்கெட்டைக் கிழித்தேன் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்த் தாசம்மாளிடம், படம் ரொம்ப அறுந்துபோய்க் கிடக்கிறது, இந்தத் தடவை வராதே என்றேன். என் முகத்தையே பார்த்தாள். மூன்றாம் நாள் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வாசலில் நின்று எப்படித் தடுப்பேன்?

காட்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் இருக்கையை விட்டு எழவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எண்பத்திமூணுன்னு போட்டிருக்கு மைனி."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"முந்தாநாளே தெரியும் பிள்ளே." பெட்டிக்காரன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்போ அவரு பெண்ணு கேட்டு வந்தப்போ, அவிய செத்துப் பதினோரு வருஷம்."

"ஆமா."

"மைனி, ஒண்ணு கேக்கட்டா? அண்ணைக்குக் கோயில்ல நீங்க எழும்பினது தம்பிக்கு வேண்டியா, இல்ல நான் போயிருவேன்னா?"

பத்து வருடமாக அந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை தரையில் உட்கார்ந்தபோது தம்பி உயிரோடிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன், அது சத்தியம். ஆனால் அதற்கு அடுத்த நிமிடமே, இனி இவள் என்னை விட்டுப் போக மாட்டாள் என்றும் சந்தோஷப்பட்டேன். எந்தச் சந்தோஷம் பெரிது என்று எனக்கு அப்போதே தெரியும்.

"ரெண்டும்தான். நீ போயிட்டா நான் ஒத்தையில என்ன செய்வேன்னு பயந்துட்டேன்," என்றேன்.

தாசம்மாள் தலையை ஆட்டினாள். தலையிலிருந்து பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதை நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் அவருகிட்ட ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டிருந்தேன். மைனிக்கு யாரும் கிடையாது, நம்ம கூடத்தான் இருப்பாங்கன்னு. அவரும் செரின்னுதான் சொன்னாரு."

இதை அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்.