பூச்சி மாணவர் பொறுப்பு

2003 ஏப்ரல் 9, புதன்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் பிடித்தேன். இட்லி சாப்பிட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய், விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் மெழுகுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் அரியர் வைத்தவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. வரவேண்டியவள் ஒரே ஒருத்தி.

நான் பாடம் நடத்தும் பி.எஸ்சி. விலங்கியல் பரந்த படிப்பு. அமீபாவில் தொடங்கி மூன்றாம் ஆண்டில் மனிதனிடம் வந்து சேருவோம். திமிங்கலத்துக்கு ஒரு பத்தி உண்டு. குதிரையின் குளம்பு எப்படி உருவானது என்பதற்கு ஐந்து மதிப்பெண். ஆனால் பட்டம் வாங்க இவை போதா. ஒரு கரப்பான்பூச்சியைத் திறந்து, குடலை அறுக்காமல் வெளியே எடுத்துப் பரப்பிக் காட்ட வேண்டும். தட்டு, கத்தரி, குண்டூசி கல்லூரி தரும்; பூச்சி மாணவர் பொறுப்பு. அதையும் வெளித் தேர்வாளரிடம் உயிரோடு காட்டிய பிறகுதான் குளோரோஃபாரம் வைக்கலாம். முன்பொருவர் வீட்டிலேயே குடலைச் சரிசெய்து மூடி எடுத்து வந்ததால் பிறந்த விதி இது.

மறுநாள் வரவேண்டியவள் அன்று மாலையே, முதல் ஷிப்ட் முடிந்து, கம்பெனிச் சீருடையோடு வந்தாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண். பழைய பாடத்திட்டத்தில் தேர்வு எழுத இதுவே கடைசி வாய்ப்பு. தேறினால் நாளெல்லாம் லைனில் நிற்கும் வேலையிலிருந்து தரப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே நாற்காலி உண்டு. கையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"ரெண்டும் அசைய மாட்டேங்குது சார்."

என் பணிக்காலத்தில் அவ்வளவு சுத்தமான கரப்பான்களை நான் கண்டதில்லை. பளபளத்தன.

"என்னம்மா பண்ணே இதை?"

"சுங்குவார்சத்திரத்துல சித்தி வூட்டு பாத்ரூம்ல புட்ச்சது சார். ஒரே அழுக்கா இருந்திச்சி. கம்பெனி ஸ்பிரிட்ல தொடச்சேன். லைன்ல எதுவா இருந்தாலும் தொடச்சிட்டுதான அடுத்த ஆளுக்குத் தருவோம். கை பழகிப்போச்சு."

"உன் சித்தி வீட்டுல வேற இருக்குமா?"

"நான் புட்ச்சினு போனதப் பாத்துட்டு சித்தி அன்னிக்கே மருந்து அட்ச்சிடுச்சி சார். மானம் போயிடுச்சாம்."

கரப்பான் எங்கும் கிடைக்கும் உயிரினம் என்று பாடநூல் சொல்கிறது. அதை எழுதியவர் எங்கள் பக்கம் வந்ததில்லை. கம்பெனிகள் தங்கள் ஆட்களைத் தங்க வைப்பதற்காக இங்கே லாட்ஜையும் மெஸ்ஸையும் மொத்தமாக எடுத்துவிட்டன. மாதந்தோறும் மருந்தடிக்க வேண்டும் என்பது அவர்கள் போடும் நிபந்தனை. தொழில் வளர்ச்சி முதலில் ஒழித்தது எங்கள் செய்முறைத் தேர்வைத்தான்.

அவளை வீட்டுக்கு அனுப்பினேன். "தேடிப் பாரு. கிடைச்சா துடைக்காம எடுத்துட்டு வா."

"கிடைக்கலைன்னா சார்?"

"நானும் தேடுறேன். நீ போ."

பஸ் நிலையத்துக்கு எதிரே நான் வழக்கமாகக் காபி குடிக்கும் ஓட்டலில் முதலாளியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"இன்னா சார், வாத்தியாரா இருந்துகினு இப்டி கேக்குறீங்க? நம்ம கடையில ஏது சார் கரப்பான்?"

"பரீட்சைக்குங்க. ஒரு பொண்ணோட பிழைப்பு."

"அதுக்கு? இருக்குதுன்னு எடுத்துக் குடுத்தா நாளைக்கு என் பொழப்பு இன்னா ஆவறது?"

பக்கத்து மேசைக்காரர் சாம்பாரைக் கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். முதலாளி என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் காபி கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். நம் சமையலறையிலும் ஒருமுறை பார்க்கலாமே என்றேன்.

"நம்ம வூட்டுலயா? எப்பனா பாத்திருக்கீங்களா இங்க?"

பார்த்திருக்கிறேன். டைரியிலும் குறித்திருக்கிறேன். ஆனால் இருபது வருடக் குடித்தனம் அந்த இடத்தில் வாயை மூடச் சொன்னது.

"அந்தப் பொண்ணு எத்தினி வருசமா நின்னுகினே வேலை செய்யுது?"

"நாலு வருஷம்."

அவள் மோர் ஊற்றினாள். படுப்பதற்கு முன் கேஸ் அடுப்புக்குப் பின்னால் எதையோ நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது கட்டிலருகே நின்றிருந்தாள். கையில் காலி ஊறுகாய் பாட்டில். உள்ளே என் கட்டைவிரல் நீளத்தில் ஒன்று, மீசையை ஆட்டிக்கொண்டு கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. பாடநூல் படத்தில்கூட அவ்வளவு அழகாக இல்லை.

"பக்கத்து வூட்டுலேர்ந்து சாக்கடை வழியா வந்தது. நம்மளுது இல்ல. அந்தப் பொண்ணுகிட்டயும் அப்டியே சொல்லிடுங்க."

"சரி."

முகம்கூடக் கழுவவில்லை. முதல் வேலையாக ஆணியும் சுத்தியலும் எடுத்து, அந்த மூடியில் காற்றுக்குத் துளை போட்டேன்.