நாற்பத்தொன்பதாவது தலை

என் கொழுந்தன் பெயர் அப்பாவு; வயது எழுபத்தொன்று. நகரியில் அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் தறியில் உட்கார்ந்தபோது, இவர் மட்டும் தறிச் சத்தம் காதுக்கு ஆகவில்லை என்று பஸ் சத்தத்துக்கு ஓடிப்போனார். கிளீனர், டிரைவர், பிறகு சொந்தமாக மூன்று டூரிஸ்ட் பஸ். திருப்பதிக்கு ஜனங்களை ஏற்றிப் போய்க் கூட்டி வருவதுதான் நாற்பத்தொரு வருஷப் பிழைப்பு. ஒரு தடவை புத்தூர்ப் பக்கம் எருமை ஒன்று ரோட்டில் படுத்துக்கொண்டு அசையவில்லை. இவர் இறங்கிப்போய் அதன் காதில் ஏதோ சொன்னார். அது எழுந்து பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மைல் வழிகாட்டி நடந்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அரை மைல்தான் இருக்கும்.

இந்த வருஷம் டூரிஸ்ட் பஸ் முதலாளிகள் சங்கம் அவருக்கு வாழ்நாள் விருது கொடுத்தது. முப்பது வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள் என்று புகழுரை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ‘ஒரு பயணியைக்கூட வழியில் விட்டு வராதவர்’ என்று முடித்தேன். அது பொய். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மற்ற டிரைவர்கள் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆள் சரிபார்ப்பார்கள். அப்பாவு பார்க்க மாட்டார். “பேப்பர் எதுக்கு அண்ணி? மூஞ்சி தெரியாதா எனக்கு?” என்பார். போகும்போது சரி. திரும்பும்போது பாதிப் பேர் மொட்டை. தலையெல்லாம் சந்தனம், மேலே முக்காடு. யாருக்கு எந்த மூஞ்சி? அதனால் திரும்பும்போது தலைகளை மட்டும் எண்ணுவார்.

பதினோரு வருஷத்துக்கு முன் நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். திருச்சானூரில் நாற்பத்தொன்பது தலை எண்ணி, கணக்குச் சரி என்று வண்டியை எடுத்தார். நகரி வந்ததும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு மொட்டைப் பாட்டி எழுந்து, “இது வரதய்யபாளையமா?” என்றாள். யாரோ வேறு பஸ்ஸுக்காரி.

எங்கள் ஆளில் குறைந்தது சந்திரம்மா, எங்கள் தெருக்காரர். அப்பாவு பஸ்ஸைத் திருச்சானூருக்கே திருப்பினார். கூடவே நானும் போனேன். வரதய்யபாளையத்துப் பாட்டியை அவள் ஜனங்களிடம் ஒப்படைத்தோம். சந்திரம்மா வளையல் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். “தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள போயிட்டியேடா, பாவி!” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

சந்திரம்மா வீட்டு வாசலில் அவர் மருமகள் மஞ்சுவும் தெருவும் நின்றிருந்தார்கள். அப்பாவு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆளை விட்டு வந்த பஸ் என்று பெயர் வந்தால் அடுத்த மாசம் யார் ஏறுவார்கள்?

“அவங்கதான் சொல்லாம எங்கியோ போய்க்கினு இருந்தாங்க. ஞாபகம் தப்புது போல,” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். என் நாக்குக்கு அது போதவில்லை. “ஆமா மஞ்சு, காலையிலேயே என்கிட்ட, டீச்சரு, இந்த பஸ்ஸு காசிக்கு எத்தனை மணிக்குப் போவும்னு கேட்டாங்க,” என்றேன்.

தெருவே சிரித்தது. “எவடி கேட்டா?” என்று சந்திரம்மா கத்தியதும் இன்னும் சிரித்தது. அன்றிலிருந்து அவர் காசிப்பாட்டி. மஞ்சு வாசல் கேட்டுக்குப் பூட்டு போட்டாள். தெருமுனைக் கோயிலுக்குக்கூட அவரைத் தனியாக விடவில்லை. அந்தக் கதையை நானே எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்!

விருது விழா நடந்த திருப்பதி மண்டபத்தில் சங்கச் செயலாளர் ஹரிபாபு என் புகழுரையைப் படித்தார். கடைசி வரிக்கு விசில் பறந்தது. பாதி போர்த்திய சால்வையோடு அப்பாவு மைக்கை வாங்கினார்.

“அந்தக் கடைசி வரி நெசமில்ல. எங்க தெரு சந்திரம்மாவை விட்டுட்டு வந்தேன். எண்ணினது நான், தப்பு என்னுது. அவங்களுக்கு ஞாபகம் தப்புதுன்னு அவங்க வீட்டுலயே பொய் சொன்னேன்.”

“பெத்தாயன ஜோக் சேஸ்துன்னாரு,” பெரியவர் தமாஷ் பண்ணுகிறார் என்று ஹரிபாபு தெலுங்கில் சமாளித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பாவு சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். காசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்வரிசையில் நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது கேட்டேன்: “என்னை ஏன் சொல்லல?”

“அது உங்க கதை, அண்ணி. நீங்கதான் சொல்லணும்.”

மறுநாள் காலை இருவரும் சந்திரம்மா வீட்டுக்குப் போனோம். மஞ்சு பூட்டைத் திறந்து உள்ளே விட்டாள். அப்பாவு சொன்னார். பிறகு நான் சொன்னேன்; ஜோடனை இல்லாமல் நான் சொன்ன முதல் கதை அதுதான். மஞ்சுவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

சந்திரம்மா அப்பாவு பக்கம் திரும்பினார். “அன்னைக்கு என் சீட்டுல குந்திக்கினு வந்தவ, என் முறுக்கையும் துன்னுட்டாளா?” என்றார்.

“துன்னுட்டாங்கம்மா,” என்றார் அப்பாவு.

“பதினோரு வருசம்டா.”

சந்திரம்மா மருமகளிடம் கையை நீட்டினார். மஞ்சு சாவியைக் கொடுத்தாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, “வெள்ளிக்கிழமை திருச்சானூருக்குப் போவணும். என் பேரை எழுதிக்கோ,” என்றார்.

நான் அவசரமாகப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“நீ எழுதாத டீச்சரு. நீ எழுதினா நான் காசியிலதான் எறங்குவேன். அவன் எழுதட்டும்.”

அப்பாவு என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.